இரண்டு வரிசை நடு, இரண்டு வரிசை விடு

மானாவாரி மக்காச்சோளத்தில் வரிசையை நெருக்கலாமா, விலக்கலாமா என்ற சண்டையில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது டிரூ லயனும் சகாக்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரை. அமெரிக்காவின் மத்தியப் பெருஞ்சமவெளியில், அதாவது நெப்ராஸ்கா, மேற்குக் கான்சஸ் பக்கம், 2004 முதல் 2006 வரை 23 வயல் சோதனைகள். நல்ல உழைப்பு. ஆனா அதன் பரிந்துரையில் எனக்கு ஒரு இடம் இடிக்குது.

முதலில் விஷயம். வழக்கமா 30 அங்குலத்துக்கு ஒரு வரிசை. இந்த முறையில் இரண்டு வரிசை நட்டு, அடுத்த இரண்டைக் காலியா விடணும். ஏக்கருக்குச் செடிக் கணக்கு குறையாமல் இருக்க, நட்ட வரிசையில் நெருக்கமா போடுவாங்க. இதனால மழை கூடப்போவதில்லை. தண்ணி கிடைக்கிற நேரம்தான் மாறுது. காலி இடத்தின் நடுவுக்கு வேர் போய்ச்சேர நாளாகும். அதுவரை அந்த ஈரம் பத்திரமா இருக்கும். பூக்கும் சமயத்தில் கைகொடுக்கும். மக்காச்சோளத்துக்கு அதுதான் கண்டம்: காய்ச்சல் அதிகமானால் கதிரின் பட்டுநூல் தாமதமா வெளிவரும், அதற்குள் மகரந்தம் கொட்டி முடிந்திருக்கும், மணி பிடிக்காது.

சோதனை முடிவு என்ன? காலி வரிசை ஜெயித்த வயல்களில் வழக்கமான நடவின் சராசரி ஏக்கருக்கு 44 புஷல், சுமார் 11 குவிண்டால். தோற்ற வயல்களில் 135 புஷல், சுமார் 34 குவிண்டால். ஆகவே 75 புஷலோ அதற்குக் கீழோ எதிர்பார்க்கும், ரிஸ்க் எடுக்க விரும்பாத விவசாயிக்கு இந்த முறை என்கிறார்கள்.

எதிர்பார்ப்பதா? விளைச்சல் அறுவடையில் தெரிவது. இடைவெளி விதைக்கும் அன்று முடிவாவது. ப்ரோக்ராம் ஓடி முடிந்து வரும் விடையை அதற்கே உள்ளீடாகக் கேட்கிற மாதிரி இருக்கு இது. வயலின் பழைய கணக்கைப் பாருங்கள் என்று சொல்லியிருக்காங்க, சரி. ஆனா இந்தப் பகுதியின் பருவம் ரொம்ப ஏறி இறங்கும் என்றுதான் கட்டுரையே தொடங்குது. அங்கே பழைய சராசரியை நம்பி என்ன செய்ய?

விதைக்கும் அன்று விவசாயி கையில் இருப்பது வேறு தகவல்: மண் எவ்வளவு ஆழம், அதில் ஈரம் எதுவரை இறங்கியிருக்கு. ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தால் தெரிஞ்சுடும். பரிந்துரையை அதன்மேல் கட்டியிருக்கணும். ஆழமான மண், அடிவரை ஈரம், மழை மட்டும் சந்தேகம் என்றால் காலி வரிசைக்கு அர்த்தம் உண்டு. மேல்மண் ஒரு அடிதான், கீழே பாறை என்றால் சேமிக்கவே இடமில்லை, 75 புஷலுக்குக் கீழே விளையும் நிலமா இருந்தாலும்.

இன்னொன்று களை. காலி வரிசையில் வெயில் நேரா விழும், களை சும்மா இருக்காது. பூக்கும் நாளுக்கென்று வைத்த ஈரத்தை அது முன்னாடியே குடித்துவிட்டால், பாதி நிலத்தைக் காலியா போட்டதுதான் மிச்சம். இந்த முறையைச் சிபாரிசு செய்கிறவர்கள் களைக்கொல்லிச் செலவையும் சேர்த்துக் கணக்குக் காட்டட்டும்.