செருக்கின் பாட்டும் ஔவையின் பாட்டும்

காந்திபுரத்துத் திருமண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவினரைக் கேட்டவர்கள் இதைக் கவனித்திருக்கக்கூடும். தம் வித்தையைக் காட்ட விழையும் பாடகர், ‘திருவிளையாடல்’ படத்தின் ‘ஒரு நாள் போதுமா’ பாட்டையே தேடிச் செல்கிறார். ஒரு வித்துவானின் செருக்கைக் காட்டவென்றே இயற்றப்பட்ட பாட்டு அது!

1965இல் வெளிவந்த அப்படத்தில், ஹேமநாத பாகவதருக்காகப் பாலமுரளிகிருஷ்ணா பாடினார். கண்ணதாசனின் சொற்களுக்குள் தோடி, தர்பார், மோகனம், கானடா என இராகப் பெயர்கள் சிலேடையாய் ஒளிந்திருக்கின்றன. பெயர் வருமிடத்தில் கே.வி. மகாதேவன் அந்த இராகத்தையே ஒலிக்கச் செய்கிறார். தற்பெருமையே அங்குப் பொருள். ஆதலால் அப்பாட்டின் ஆடம்பரமும் பாட்டுக்குச் செய்த ஊழியமே. அதன் பிருகாக்களைப் பெயர்த்தெடுத்து வேறொரு பாட்டில் ஒட்டுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

செருக்கை அடக்க வரும் ‘பாட்டும் நானே’ பற்றி எனக்கொரு மனக்குறை உண்டு. சௌந்தரராஜனின் கௌரிமனோகரி கம்பீரமானதுதான். ஆயினும் இறைவன் பல உருவெடுத்து வீணையும் குழலும் மிருதங்கமும் முழக்கியல்லவா வெல்கிறார்! வித்தையை அதனினும் பெரிய வித்தை வீழ்த்துகிறது, அவ்வளவே.

உண்மையான மறுமொழி அதே படத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஔவையாக வந்து பாடும் கே.பி. சுந்தராம்பாள், நம் கொங்கு மண்ணின் கொடுமுடியில் 1908இல் பிறந்தவர். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் பழகிய குரல் அது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் எட்ட வேண்டும். எட்டாவிடில் நாடகமே இல்லை. அதனால் வல்லினம் வல்லினமாகவே விழும், ழகரம் குழையாது. உச்ச ஸ்தாயிக்கு அவர் ஏறாமலில்லை. ஏறும்போது சொல்லையும் உடன் அழைத்துச் சென்றார்.

2015இல் மறைந்த மர்ஹூம் நாகூர் ஹனிபா அவர்களும் இவ்வழியினரே. இராக விரிவு அவரிடம் குறைவென்று சங்கீதம் கற்றோர் கூறுவர். மெய்தான், ஆனால் அவர் பாடிய பாட்டுகள் அதைக் கேட்கவில்லை. எழுத்தறியாத முதியவருக்கும் முதன்முறை கேட்கும்போதே பொருள் விளங்கவேண்டும் என்பதே அவை கேட்டது. அந்த வெண்கலக் குரல் அதைக் குறைவின்றிக் கொடுத்தது.

இன்று அதே பாட்டுகளைப் பாடும் இளைஞர் பலர், ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஒரு பிருகாவைத் தொங்கவிடுகின்றனர். இறைவனை நோக்கிய வேண்டுதல் ஒன்றை அண்மையில் இவ்வாறு கேட்க நேர்ந்தது. வேண்டுதலின் உயிரான சொல் நான்கு துண்டாக உடைந்தது. நான்காவது துண்டு வருமுன்பே கைதட்டல் எழுந்தது. அடுத்த அடி எவர் காதிலும் விழவில்லை.