ராயப்பேட்டை வெக்கையில் ஒரு நார்வே இருள்

பர்ஸம் என்ற பெயரில் தனியொருவராக இசைத்த நார்வேக்காரர் வார்க் விகர்னெஸ் 1993 மார்ச்சில் பதிவு செய்த பாட்டு 'டுங்கெல்ஹைட்'. 1996இல் 'ஃபிலோசோஃபெம்' ஆல்பத்தின் முதல் பாட்டாக வெளிவந்தது. சூழலை எழுப்பும் பிளாக் மெட்டல் என்ற இசை வகைக்கு இதுவே ஊற்று என்று ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். அதில் பாதிதான் சரி.

சொற்களைப் பார்ப்போம். இரவு கவிகிறது, மண்ணிலிருந்து குளிர் எழுகிறது, வாழ்வுக்குப் புது அர்த்தம் பிறக்கிறது. பொருள் அவ்வளவுதான். மே மாத ராயப்பேட்டையில் இதில் எதுவும் பொருந்தாது. பீட்டர்ஸ் சாலைத் தாரிலிருந்து ராத்திரி பதினோரு மணிக்கும் எழுவது வெக்கை. தெருவிளக்குகள் இருளை அண்ட விடுவதில்லை. ஆனாலும் ஹெட்போனில் கேட்டால் உடம்பு சில்லிடுகிறது. அப்படியானால் அந்தக் குளிர் ஒலியில்தான் இருக்கிறது.

கிட்டாரை அதற்குரிய ஆம்ப்ளிஃபயரில் செருகாமல், வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் செருகினார் விகர்னெஸ். இருப்பதிலேயே மட்டமான மைக்கைக் கேட்டு வாங்கி, ஒரு ஹெட்செட்டில் குரலைப் பதிந்தார். கிட்டார் கரகரவென்று ஒரே இரைச்சலாய்ப் பரவ, அதன்மேல் கீபோர்டின் சில ஸ்வரங்கள் மட்டும் துலக்கமாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. டிரம்ஸுக்கு அவசரமே இல்லை. வேகத்தையே பெருமையாக நினைத்த ஓர் இசை வகையில் இது பெரிய துணிச்சல். ஏழு நிமிடத்தில் ஏறக்குறைய எதுவும் நடப்பதில்லை. நேரம் போவது மட்டும் தெரியாமல் போகிறது. தம்புராவில் ஊறிய காதுக்கு இது அந்நியமல்ல.

அமெரிக்காவின் ஸாஸ்தர் போல அறைக்குள் தனியே பதிவு செய்த பலர் இந்த ஒலியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சொற்களை எடுத்தவர்கள் பார்க்காத பனியைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

1993 ஆகஸ்டில் சக இசைக்கலைஞர் ஒய்ஸ்டைன் ஆர்செத்தைக் கத்தியால் குத்திக் கொன்றவர் விகர்னெஸ். தேவாலயங்களுக்குத் தீ வைத்த குற்றமும் சேர, 1994இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பிறகு இனவெறிக் கருத்துகளையும் எழுதினார். இந்தப் பாட்டில் அந்த வெறுப்பு இல்லை என்பது உண்மை. அதைச் சொல்லி ஆளை மேதையாக்கித் தோளில் தூக்குவதை என்னால் ஏற்க முடியாது.

காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகங்களோடு வைத்துப் பார்த்தால் பாட்டின் உள்ளீடு எவ்வளவு மெலிவு என்று தெரியும். அம்மையாரின் சுடுகாட்டில் கள்ளி இருக்கிறது, பேய்கள் இருக்கின்றன, நடுவே இறைவன் ஆடுகிறான். பயமும் பக்தியும் அங்கே ஒன்றாகின்றன. விகர்னெஸின் இருட்டில் அவரைத் தவிர யாருமில்லை.

சிங்கப்பூரில் 1992இல் இந்திய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய ருத்ரா என்ற இசைக்குழு, நார்வேயை நகலெடுக்காமல் வேதாந்தத்தை மெட்டலுக்குள் கொண்டுவந்தது. சிந்தனையில் அவர்கள் இந்தப் பாட்டைவிடப் பல படி மேலே. ஆனால் ஒலியை வைத்தே ஓர் இடத்தை உண்டாக்கும் வித்தையில் 'டுங்கெல்ஹைட்' இன்னும் முந்தி நிற்கிறது. ஒலியில் பெரிய படைப்பு, பொருளில் சிறிய படைப்பு என்பதே என் தீர்ப்பு. திருவாலங்காடு சென்னையிலிருந்து ரயிலேறிப் போய்விடும் தூரத்தில்தான் இருக்கிறது. அந்தச் சுடுகாட்டுக்கு இப்படியொரு இரைச்சலைத் தமிழில் யாராவது கட்ட, அதைக் கேட்க எனக்கு ஆசை.