அத்தோவைக் கையால்தான் பிசைய வேண்டும்

பர்மா நூடுல்ஸ் பண்டமான அத்தோ விற்கும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பூண்டை. நல்ல கடையில் பூண்டை மெல்லிசாகச் சீவி, சிறு தீயில் பொரித்து, முழுசாகச் சிவப்பதற்குக் கொஞ்சம் முன்பே அரித்து எடுத்துவிடுவார்கள். மீதி நிறம் அதன் சூட்டிலேயே ஏறிவிடும். சற்றே கருகினாலும் அந்தக் கசப்பு தட்டு முழுக்கப் பரவும். பொரித்த எண்ணெயைக் கொட்டமாட்டார்கள். வெங்காயமும் பூண்டும் தங்கள் மணத்தையெல்லாம் இறக்கி வைத்த அந்த எண்ணெயில்தான் அத்தோவின் பாதி ருசி இருக்கிறது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் சாயங்காலம் ஆனால் பர்மா உணவு விற்கும் தள்ளுவண்டிகளைப் பார்க்கலாம். வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போகும் முன் நின்று சாப்பிடும் கடைகள். வேகவைத்து ஆறவைத்த ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி பேசினில் விழும். அதன் மேல் நூல் நூலாக நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், உப்பு, இடித்த மிளகாய், வறுத்த கடலை மாவு. பிறகு புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய். அதற்கப்புறம் வேலையெல்லாம் கைக்குத்தான். ஐந்து விரலையும் விரித்து, அடியிலிருந்து தூக்கி, உதறி, மறுபடி அழுத்தாமல் புரட்டுவார்கள். கரண்டி போட்டுக் கிளறினால் நூடுல்ஸ் அறுந்துவிடும், மாவு ஒரு மூலையில் கட்டிதட்டும். விரல் புகுந்தால்தான் புளித்தண்ணீரும் எண்ணெயும் மாவில் குழைந்து, ஒவ்வொரு இழை மீதும் மெல்லிய பூச்சாக ஒட்டும். இப்போது கையுறை போட்டுப் பிசைகிறார்கள். அதிலும் பழகிய கை எது, புதுக் கை எது என்று தெரிந்துவிடுகிறது.

பொரித்த வெங்காயமும் பூண்டும் கடைசியில்தான் சேரும். பேஜோவும் அப்படித்தான். எண்ணெயில் பொரித்த அந்த மொறுமொறு வில்லையை உள்ளங்கையில் வைத்து ஒரே அமுக்கில் நொறுக்கித் தூவுவார்கள். முன்கூட்டியே போட்டால் நமத்துவிடும். முதல் வாயில் பேஜோ நொறுங்க வேண்டும், நடுவில் கோஸ் கடிபட வேண்டும், நூடுல்ஸ் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நான் அத்தோவை மெச்சுவது முதலில் இந்தச் சத்தங்களுக்காக, புளிப்பும் காரமும் அப்புறம்தான்.

பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வரும். கடலை மாவு கரைத்துக் கொஞ்சம் கெட்டியாக்கி, மிளகு தூக்கலாக, கொதிக்கக் கொதிக்க. அத்தோ ஆறிய பண்டம். அதை ஒரு வாய், இதை ஒரு மிடறு என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். “அண்ணே, சூப்பு இன்னும் கொஞ்சம்” என்று கிண்ணத்தை நீட்டினால் ஊற்றாத கடைக்காரர் அபூர்வம்.

முட்டை மசாலாவைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அவித்த முட்டையை முழுசாகப் பிளக்காமல் நீளவாக்கில் ஒரு கீறல். கட்டைவிரலால் லேசாக விரித்து, பொரித்த வெங்காயமும் பூண்டும் உள்ளே திணித்து, மிளகாயும் உப்பும் தூவி, புளித்தண்ணீரும் எண்ணெயும் சில சொட்டு விட்டு, கொத்தமல்லி வைத்து நீட்டுவார்கள். அதைக் கடித்துச் சாப்பிடக் கூடாது, முழுசாக வாயில் போட வேண்டும். மஞ்சள்கருவின் மாவுத்தன்மையைப் புளி இளக்கும், பொரித்த வெங்காயம் இனிக்கும், கடைசியில் காரம் மெல்லத் தலைகாட்டும். இவ்வளவு சின்ன இடத்துக்குள் இத்தனையை அடக்கிய பண்டம் சென்னைத் தெருக்களில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் கப்பலில் வந்த ருசி. 1962-இல் ஜெனரல் நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வியாபாரமும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் கையில் கொஞ்சமே எடுத்துக்கொண்டு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. 1969-இல் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார் உருவானது. அதன் பின்தெருக்களில்தான் அத்தோ கடைகள் பேர் வாங்கின. அந்தக் கடற்கரை ஸ்டேஷனையும் தாம்பரத்தையும் 1931 முதல் மின்சார ரயில் இணைக்கிறது. பாரிமுனையில் வேலை பார்த்துவிட்டுத் தாம்பரம் வண்டி ஏறியவர்களின் நாக்கோடு சேர்ந்து அத்தோவும் தெற்கே வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

பர்மாவில் இதில் மீன் சாறும் காய்ந்த இறால் தூளும் சேரும். வாழைத்தண்டு போட்ட மீன் குழம்போடு அரிசி நூடுல்ஸ் சேர்ந்த மொய்ங்கா அங்கே காலை ஆகாரம். இங்கே அந்த மீன் வாடை விலகி, புளி முன்னால் வந்துவிட்டது. மொய்ங்காவும் சாயங்காலத்துக்கு மாறிவிட்டது. குறைந்துவிட்டதாக எனக்குப் படவில்லை. வாழைத்தண்டின் மெல்லிய துவர்ப்பு மீன் இல்லாத சூப்பில்தான் தெளிவாகத் தெரிகிறது. மலேசியாவின் பினாங்குத் தீவில் தமிழ் முஸ்லிம்கள் இதே வேலையை எதிர்த்திசையில் செய்தார்கள். சீன நூடுல்ஸை எடுத்து, மிளகாய் அரைப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, பெருந்தீயில் வதக்கி மீ கோரெங் ஆக்கினார்கள். அங்கே எல்லாம் இரும்புச்சட்டியின் சூடு. நம் அத்தோவுக்கோ பிசையும்போது அடுப்பே வேண்டாம்.

அதனால்தான் இப்போது பரவிவரும் ஃப்ரை அத்தோவில் எனக்கு ஈடுபாடில்லை. தீயில் புரட்டியதும் கோஸ் வதங்கி, புளி மங்கி, எல்லாம் ஒரே பதமாகிவிடுகிறது. கேட்கிறவர்கள் கேட்கட்டும், முதல்முறை சாப்பிடுகிறவர் சாதா அத்தோவே கேளுங்கள், கூடவே ஒரு முட்டை மசாலா. வண்டியருகே நின்று, பிசைந்த கை காயுமுன் சாப்பிடுவது உத்தமம். பார்சல்தான் என்றால் சூப்பைப் போலவே பேஜோவையும் தனியாகக் கட்டித்தரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய், தட்டில் கொட்டிய பிறகு நொறுக்கிப் போட்டுக்கொள்ளலாம்.