உரிமையாளர் என்றொரு சொல்

நான் வாசித்த தோட்டக் கதைகளில் பெரும்பாலானவை லாரி வரும் நாளில் தொடங்குகின்றன. லயத்தை உடைக்கிறார்கள், கோயிலைப் பெயர்க்கிறார்கள், கிழவி அழுகிறாள். ஆனால் நிஜத்தில் அந்தக் கதை பல வருஷம் முன்பே, ஒரு வரைபடத்தில் நிறம் மாறியபோதே முடிந்துபோயிருக்கும். அந்த வரைபடத்தின் இலக்கணம் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். அதையும் ஒரு பிரதியாக வாசித்தால் என்ன?

2001 திருத்தம் பிரதமர் தலைமையில் ஒரு தேசிய மன்றத்தை அமைத்தது. 100 ஹெக்டரைத் தாண்டும் புதிய நகரம் என்றால் அதன் ஆலோசனை வேண்டும். 2017 திருத்தம் சமூகப் பாதிப்பு மதிப்பீட்டைச் சேர்த்தது. நல்லதுதான். ஆனா, மாற்றமெல்லாம் மேல்மாடியில்தான். கீழே 'உரிமையாளர்' என்ற சொல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

21ஆம் பிரிவைப் பாருங்கள். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்குக் கடிதம் போகும். 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபிக்கலாம். சரி, அந்த நிலத்துக்குள்ளேயே மூன்று தலைமுறையாக லயத்தில் இருப்பவர்? அவர் உரிமையாளரும் இல்லை, பக்கத்து நிலத்துக்காரரும் இல்லை. கடிதத்தில் அவருக்குப் பெயரே கிடையாது.

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது வருஷத்துக்கு மேல் அலைந்ததை இந்தச் சொல்லோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அவர்கள் கையில் இருந்தது வாக்குறுதி மட்டும்தான். நிலப்பட்டா இல்லை.

சட்டத்தில் ஒரு கதவு இருக்கு. 13ஆம் பிரிவின்படி உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அங்கே பட்டா கேட்பதில்லை. ஆனால் அந்தக் கதவு சில வாரங்கள்தான் திறந்திருக்கும். திட்டம் அமலுக்கு வந்த பிறகு, 21ஆம் பிரிவின் கடிதம்கூடப் பக்கத்து நிலத்துக்காரருக்குப் போக வேண்டியதில்லை.

கிழவியின் அழுகையை நாம் நன்றாகவே எழுதிவிட்டோம். கோலா சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் காட்சிப் பலகை முன்னால் நின்று, செம்பனைப் பச்சை எங்கே நிறம் மாறுகிறது என்று தேடும் அவளுடைய பேத்தியை இன்னும் எழுதவில்லை. எனக்கு அந்தக் கதைதான் வேணும்.