டெமார்சியின் மேசை: கார்த் தொழிலாளரை நினைவுகூரும் மூன்று நூல்கள்

பாரிஸ் நகரின் பதினைந்தாவது வட்டாரத்தில், செயின் நதியின் ஓரமாக, அழகியதொரு பூங்கா உண்டு. அகன்ற புற்றரை, கண்ணாடிப் பசுமை இல்லங்கள், தரையிலிருந்து பீறிட்டெழும் நீர்த்தாரைகள் என்று ஒரு பூங்காவுக்கு வேண்டிய யாவும் அங்குள்ளன. 1992இல் திறக்கப்பட்ட அப்பூங்காவின் பெயர் அந்த்ரே சித்றோயன். 1915ஆம் ஆண்டில் அம்மனிதர் போருக்கு எறிகணை செய்யும் ஆலையை எழுப்பியது அவ்விடத்திலேதான். ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே எறிகணை செய்தனர். போர் ஓய்ந்ததும், 1919 முதல், அதே கூரையின் கீழ்க் கார்கள் செய்யப்பட்டன. 1933இல் ஊதியக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் வாரக்கணக்கில் வேலைநிறுத்தஞ் செய்ததும் அங்கேதான். 1970களில் ஆலை மூடப்பட்டது; கட்டிடங்கள் இடிக்கப்பட்டன; புல் முளைத்தது. 1925 தொடக்கம் 1934 வரை ஈபெல் கோபுரத்திலே மின்விளக்குகளால் எழுதப்பட்டிருந்த பெயரும் சித்றோயன் என்பதுவே. முதலாளியின் பெயர் முன்னர் வானத்தில் எழுதப்பட்டது, பின்னர் புல்லிற்கு இடப்பட்டது. அங்கே உழைத்தவர்களின் பெயரை எங்கே போய்த் தேடுவது?

நூல்களிலே தேடலாம் என்று நம்மைப் போன்ற இலக்கிய மாணவர் உடனே விடை பகர்வர். அவ்விடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பாரிஸின் கார்த் தொழிலாளரைப் பற்றிய மூன்று நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்பின் துணைகொண்டு அண்மையில் ஒருசேரப் படித்தோம். மூன்றும் ஒரே தரத்தனவல்ல. அவற்றில் ஒன்றைப் பற்றியே இங்கு விரிவாகப் பேச விரும்புகிறோம். ஆயினும் அதன் அருமையை உணர்வதற்கு மற்றை இரண்டையும் தொட்டுச் செல்லுதல் அவசியம்.

முதலாவது, சிமோன் வெய்ல் எழுதிய ஆலை நாட்குறிப்பு. அவர் நம்மைப் போன்றே ஒரு பாடசாலை ஆசிரியர், தத்துவம் கற்பித்தவர். 1934 டிசம்பரில், தமது இருபத்தைந்தாவது வயதில், விடுமுறை பெற்றுக்கொண்டு ஆலைத் தொழிலாளியானார். 1935 யூன் முதல் ஓகஸ்ட் வரை பியாங்கூர் நகரத்து றெனோ கார் ஆலையிலே உலோகஞ் செதுக்கும் எந்திரத்தில் வேலை பார்த்தார். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை துண்டு செய்தோம், எத்தனை பழுதாயிற்று, எவ்வளவு கூலி வெட்டுப்பட்டது என்பனவெல்லாம் அக்குறிப்பிலே உள்ளன. கொடுமை மிகுந்தால் மனிதன் கிளர்ந்தெழுவான் என்று நம்பிச் சென்றவர், தம்முள்ளேயே பணிவு ஊறிவருவதைக் கண்டு திடுக்கிட்டார். பேருந்தில் ஏறியபோது, அடிமையாகிய தமக்கு அதில் ஏற உரிமை உண்டோ என்ற ஐயங்கூட அவருக்கு எழுந்ததாம். இதனை ஒளிக்காமல் எழுதிய நேர்மையை மெச்சாமல் இருக்க முடியாது. ஆயினும், அந்நாட்குறிப்பிலே துன்புறும் மனிதராக நம் முன் நிற்பவர் பெரும்பாலும் வெய்ல் ஒருவரே. அருகே நின்று உழைத்த பெண்கள் இரண்டொரு கோடுகளால் வரைந்த உருவங்களாகவே வந்து மறைகின்றனர். அவர் ஆலையை விட்டு விலகி ஓராண்டு ஆகுமுன், 1936 யூனில், அதே பணிவான தொழிலாளர் ஆலைகளைத் தம் வசப்படுத்தி உள்ளேயே குடியிருந்தனர். அவர்களைப் பார்க்கச் சென்ற வெய்ல், அவ்வேலைநிறுத்தத்தின் களிப்பைப் பற்றிப் புனைபெயரில் ஒரு கட்டுரை வரைந்தார். நாட்குறிப்பை மட்டும் படித்து முடிவு கட்டுவோர் அக்கட்டுரையையும் படித்தல் வேண்டும்.

இரண்டாவது, கிளேர் எச்சரெல்லியின் 'எலீஸ் அல்லது மெய்வாழ்வு' என்னும் நாவல். 1967இல் வெளிவந்து அவ்வாண்டின் பெமினா பரிசைப் பெற்றது. எச்சரெல்லி ஆய்வுக்காக ஆலைக்குட் புகுந்தவரல்லர்; வயிற்றுப்பாட்டுக்காகப் புகுந்தவர். அந்த வேறுபாடு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அல்ஜீரிய விடுதலைப் போர்க் காலம். நகர்ந்துகொண்டிருக்கும் காரின் கூட்டுக்குள் ஏறிக் குறைகளைத் தாளிற் குறிக்கும் எலீஸ், அதே தொடர்வரிசையில் உழைக்கும் அரெஸ்கி என்ற அல்ஜீரியனை நேசிக்கிறாள். இறுதியில் அவனைப் பொலிசார் கொண்டுசெல்கின்றனர். அவன் என்னவானான் என்பதை அவள் அறிவதேயில்லை. இந்நாவலிலே அல்ஜீரியரை இழித்துப் பேசுவோர் முதலாளிகள் மாத்திரமல்லர். பக்கத்தில் நின்று அதே புகையைச் சுவாசிக்கும் பிரெஞ்சுத் தொழிலாளரும் பேசுகின்றனர். பாட்டாளிகளின் ஒற்றுமை தானாகவே கனிந்து விழும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் முற்போக்கு வாசகருக்கு இது கசப்பான மருந்து. நமக்கும் கசந்தது.

இனி, மூன்றாவது நூலுக்கு வருவோம். றொபேர் லினார் கல்வியிற் சிறந்த பாரிஸ் உயர்கலாசாலை ஒன்றிற் பயின்றவர். மாவோவின் கருத்துக்களாற் கவரப்பட்டவர். 1968 மே கிளர்ச்சி அடங்கிய பின், அவ்வாண்டு செப்டெம்பரில், ஷுவாஸி வாயிலில் இருந்த சித்றோயன் ஆலையிற் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். '2சிவி' என்ற எளிய கார் அங்கே செய்யப்பட்டது. 1948 முதல் 1990 வரை 38 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்து, பிரான்சு தேசத்தின் செல்லப்பிள்ளையாகக் கொண்டாடப்பட்ட கார் அது. லினார் 1969 கோடையில் வேலை நீக்கஞ் செய்யப்பட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1978இல், மெலிந்ததொரு நூலாக அந்த அனுபவத்தை எழுதினார். 2023இல் அது திரைப்படமாகவும் வந்தது.

நூலின் தொடக்கமே நமது கற்பனையைத் தகர்க்கிறது. பேரிரைச்சலையும் வேகத்தையும் எதிர்பார்த்துச் சென்றவர் கண்டது மெல்ல மெல்ல, இடைவிடாது, சாம்பல் நிறத்தில் வழுகிச் செல்லும் கார்க்கூடுகளின் வரிசையை. அதன் கொடுமை அந்த மெதுவிலேயே இருக்கிறது. முலூது என்ற அல்ஜீரியத் தொழிலாளி, முன்கண்ணாடிக்கு மேலுள்ள இடைவெளியை ஈயத்தாற் பற்றவைத்து வளைவாக்கும் வித்தையை அவருக்குக் கற்பிக்க முயல்கிறான். பட்டதாரியின் கைக்கு அது வசப்படவில்லை. ஈயம் கட்டியாகிறது, வழிகிறது, கார் நகர்ந்துவிடுகிறது. 'திறனற்ற வேலை' என்று நிர்வாகத்தின் ஏட்டில் எழுதப்பட்ட வேலை அது! அவ்வேட்டிலே தரம் பிரித்த முறையையும் லினார் கூறுகிறார். கறுப்பினத்தவர் அடித்தட்டு, அராபியர் அதற்குச் சற்று மேலே, ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் அதற்கும் மேலே, பிரெஞ்சுக்காரனாயின் கதவு திறந்து நுழைந்தவுடனேயே உயர்ந்த படி. கையின் திறனைக் கண்டு கூலி நிர்ணயிக்கப்படவில்லை. முலூதின் வளைவைவிட லினாரின் பிறப்பிடம் பெறுமதி கூடியதாக இருந்தது.

கதையின் நடுவே ஒரு வேலைநிறுத்தம் வருகிறது. 1968 கிளர்ச்சியின்போது தொழிலாளருக்குக் கொடுத்த முற்பணத்தை ஈடுசெய்வதற்காக, 1969 பெப்ரவரி 17 முதல் நாளொன்றுக்கு முக்கால் மணித்தியாலம் மேலதிகமாக, அதிலும் பாதி நேரம் கூலியின்றி, உழைக்க வேண்டுமென நிர்வாகம் கட்டளையிட்டது. மாலை ஐந்து மணிக்கே கருவிகளை வைத்துவிட்டு எழுந்து செல்வதெனத் தொழிலாளர் தீர்மானிக்கின்றனர். துண்டுப்பிரசுரம் அராபி, ஸ்பானியம், போர்த்துக்கேயம் முதலாய மொழிகளில் எழுதப்படுகிறது. முதல் நாள் தொடர்வரிசை நின்றுவிடுகிறது. பின்னர் மிரட்டலும் இடமாற்றமும் வேலை நீக்கமுமாக, அப்போராட்டம் நாளுக்கு நாள் தேய்ந்து மறைகிறது.

நம்மிடையே உள்ள விமர்சகர் சிலர் இவ்விடத்தில் முகஞ் சுளிக்கக்கூடும். போராட்டம் தோற்பதைக் காட்டுவது வெறும் இயற்பண்புவாதம் என்பர். வருங்காலத்தைச் சுட்டாத படைப்பு முழு யதார்த்தமாகாது என்பர். இக்குற்றச்சாட்டை நாம் ஏற்பதற்கில்லை. இந்நூலின் உயிர் வேலைநிறுத்தத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அதற்கப்பால் வரும் சிறியதோர் அத்தியாயத்தில் அது இருக்கிறது.

டெமார்சி என்றொரு முதிய தொழிலாளி. நெளிந்தும் கோணியும் வரும் கார்க் கதவுகளைச் சீர்செய்வது அவர் பணி. நமது கராஜ்களில் 'டிங்கர்' வேலை என்போமே, அது. அதற்கென அவர் தாமே செய்துகொண்ட மேசை ஒன்றுண்டு. கழிவு இரும்புத் துண்டுகளையும் கம்பிகளையும் பொருத்திப் பல ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி ஆக்கியது. பார்வைக்கு ஒழுங்கற்றது. ஆனால் எக்கதவை எக்கோணத்தில் வைத்து, எந்தத் துளையினூடாகக் கீழிருந்து தட்டவேண்டும் என்பதெல்லாம் அம்மேசையிலே பதிந்திருந்தது. ஒரு நாள், அவரை ஒரு வார்த்தை கேளாமல், திட்டமிடுவோர் புதியதொரு மேசையைக் கொண்டுவந்து வைக்கின்றனர். கனத்தது, பளபளப்பானது; துளைகளோ இல்லை. கீழிருந்து தட்ட முடியாது. கதவைக் கழற்றிப் புரட்டவேண்டும். கிழவர் தடுமாறுகிறார். அவ்வேளை பார்த்து மேலதிகாரிகள் கூட்டமாக வந்து சூழ்ந்து நின்று, அவரது தடுமாற்றத்தை வேடிக்கை பார்க்கின்றனர், புத்திமதியும் கூறுகின்றனர். பின்னர் வேலை பின்தங்கவே பழைய மேசை சந்தடியின்றித் திரும்பக் கொடுக்கப்படுகிறது. ஆனால் டெமார்சியின் கண்ணிற் குடிகொண்ட அச்சம் போகவில்லை.

சுரண்டல் என்பது உழைப்பின் நேரத்தைத் திருடுவது என்று வகுப்பறையிலே சொல்லிக்கொடுக்கிறோம். அறிவையும் பறித்து, பறித்த பின் 'நீ அறிவற்றவன்' என்று சொல்வதும் அதனுள் அடங்கும் என்பதை இந்தச் சில பக்கங்கள் நமக்குக் காட்டின. டெமார்சி வீரனல்லர், முழக்கமிடுபவருமல்லர். அவரை நினைவுகூர லினார் தேர்ந்தெடுத்தது அவர் பட்ட துன்பத்தை மட்டுமன்று. அவர் கை அறிந்திருந்ததையும் சேர்த்தே. வெய்லின் குறிப்பில் நாம் காணாதது இது.

எனினும் நூலின் மீது நமக்கொரு மனக்குறை உண்டு. வெய்லும் லினாரும் வெளியேறக்கூடியவர்கள். முலூதுக்கு அந்த வழி இருக்கவில்லை. எச்சரெல்லி தேவையினால் உழைத்தவரேயானாலும் பிரெஞ்சு மொழி அவருக்குத் தாய்மொழி. கபிலியாவிலிருந்தும் மாலியிலிருந்தும் வந்தோர் தாமே எழுதிய நூல் நாம் படித்தவற்றுள் ஒன்றேனும் இல்லை. 1982இல் ஓல்னே சித்றோயன் ஆலையிலே குடியேறிய தொழிலாளர் தம் கண்ணியத்துக்காக வேலைநிறுத்தஞ் செய்தபோது உலகம் அவர்கள் குரலைச் சிறிது கேட்டது. அவ்வாலையும் 2013இல் கார் செய்வதை நிறுத்திவிட்டது. வெய்ல் உழைத்த பியாங்கூரில், செகான் தீவின் ஆலை 1992 மார்ச்சில் மூடப்பட்டது. 1947 வேலைநிறுத்தத்தையும், 1968 மே 27இல் அரசாங்கத்தோடு எட்டிய உடன்பாட்டை ஏற்காது போராட்டத்தைத் தொடர்வதெனத் தீர்மானித்த பெருங்கூட்டத்தையும் கண்ட ஆலை அது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிடங்கள் தரைமட்டமாயின. 2017இல் அத்தீவில் இசையரங்கு ஒன்று எழுந்தது. இசையரங்கின் மீது நமக்குப் பகையில்லை. ஆனால் முன்னாள் தொழிலாளர், அவர்களுள் வட ஆபிரிக்கர் பலர், சங்கம் அமைத்து அங்கே தம் உழைப்பின் நினைவுக்கு ஓர் இடம் கேட்டனர். கேட்டுப் பெறவேண்டிய நிலைக்கு அவர்களை ஆளாக்கியது யார்?

இறுதியாக ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல். லினாரின் நூலுக்குப் பிரெஞ்சில் 'எத்தாப்லி' என்று பெயர். அச்சொல் தொழிலாளியின் வேலை மேசையையுங் குறிக்கும்; புரட்சிக்காக ஆலையிற் போய் வேரூன்றிய படித்தவனையுங் குறிக்கும். டெமார்சியும் லினாரும் அவ்வொரு சொல்லிலே சேர்ந்து நிற்கின்றனர். 1981இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்போ 'தொடர்வரிசை' என்று பெயர் சூட்டிவிட்டது. கிழவரின் மேசை இருக்கவேண்டிய அட்டையிலே நிர்வாகத்தின் எந்திரம் ஏறிவிட்டது! இந்நூல் பிரெஞ்சு மூலத்திலிருந்தே தமிழுக்கு வரவேண்டும் என்பது நம் அவா. தலைப்புக்கு 'பட்டறை' என்றும், 'ஊன்றியவன்' என்றும் எழுதிப் பார்த்தோம். இரண்டும் பாதிப் பொருளையே தருகின்றன. பிரெஞ்சு அறிந்த வாசகர் எவர்க்கேனும் இரு பொருளும் தாங்கும் ஒரு சொல் தோன்றுமாயின் எழுதியனுப்பும்படி வேண்டுகிறோம்.