முழங்காலுக்குக் கீழே ஒரு கலை

போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் அண்ணாந்தபடி நடப்பவர்களுக்குக் கோதிக் தேவாலயங்களும் சந்தைச் சதுக்கத்து வண்ண வீடுகளும் கிடைக்கும். ஊரின் குறும்பு கிடைக்காது. அது தரையில் இருக்கிறது. வாசற்படி ஓரத்திலும் ஜன்னல் விளிம்பிலும் சாண் உயரத்துக்கு முன்பின்னாக வெண்கலச் சித்திரக்குள்ளர்கள். இன்று பல நூறு பேர்.

பொம்மை அழகு என்று கடந்துவிட முடியாத பூர்வீகம் இவர்களுக்கு உண்டு. 1981 டிசம்பரில் போலந்தில் இராணுவச் சட்டம் வந்தது. சுவர்களில் எழுதப்பட்ட எதிர்ப்பு வாசகங்களை அதிகாரிகள் பெயின்ட் பூசி மறைத்தார்கள். 1982-இல் வால்டெமார் ஃபிட்ரிக்கும் அவருடைய நண்பரும் அந்தப் பூச்சுத் திட்டுகளின் மேல் குள்ளர்களை வரைந்தார்கள். வாசகம் வாதம், பூச்சு எதிர்வாதம், இரண்டும் சேர்ந்து பிறந்தவன் குள்ளன் என்று மார்க்சியப் பாணியிலேயே விளக்கமும் சொன்னார் ஃபிட்ரிக். அவருடைய 'ஆரஞ்சு மாற்று' இயக்கம் அழைக்க, 1988 ஜூன் 1 அன்று ஆயிரக்கணக்கானோர் கூம்புக் குல்லாயுடன் ஷ்விட்னிட்ஸ்கா தெருவில் திரண்டார்கள். குல்லாய் போட்டதற்கு எந்தச் சட்டப்பிரிவில் வழக்குப் போடுவது?

அதன் நினைவாக 2001-இல் அதே தெருவில், ஒரு விரல் நுனியில் நிற்கும் 'அப்பா குள்ளன்' வந்தான். சிற்பி தோமாஷ் மோச்செக்கின் குள்ளர்கள் 2005-இல் வந்தார்கள். என் ரசனைக்கு இன்றுவரை அவைதான் உச்சம். ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தையே பாதிச் சிற்பமாக்கிக்கொள்கிறது. துணி துவைப்பவன் ஓடர் ஆற்றங்கரையில் இருக்கிறான். கசாப்புக்காரன் நிற்பது ஸ்தாரே யாட்கி என்ற பழைய இறைச்சிக்கடைச் சந்தில். அறுக்கப்பட்ட விலங்குகளின் நினைவாக வெண்கலப் பன்றியும் வாத்தும் நிற்கும் சந்தும் அதுதான். சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் சிக்கும்.

ஷ்விட்னிட்ஸ்காவின் இரட்டைச் சிசிபஸ்களிடம் நெடுநேரம் நிற்கலாம். கிரேக்கக் கதையில் சிசிபஸ் தனியாள்; மலையேற்றிய பாறை தானாக உருண்டு திரும்பும். இங்கே மலையே இல்லை. ஒரு கல் உருண்டையை எதிரெதிர்ப் பக்கமிருந்து இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். அரசு அலுவலகத்தில் கோப்பு நகரக் காத்திருந்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. வளைந்த முதுகிலும் ஊன்றிய காலிலும் மோச்செக் காட்டியிருக்கும் முனைப்பு நிஜமானது. அதனால்தான் வேடிக்கை இத்தனை கூர்மை.

பிறகு கடைகளும் நிறுவனங்களும் ஆளுக்கொரு குள்ளனை நிறுத்தத் தொடங்கின. பலவற்றைப் பெயர்த்து வேறு தெருவில் வைத்தாலும் ஒன்றும் குறையாது. என் கணக்கில் அவை விளம்பரப் பலகைகளே. விதிவிலக்காக, நகர மண்டபத்தருகே சக்கர நாற்காலியில் ஒருவன், பார்வையற்றவன் ஒருவன், காது கேளாதவன் ஒருவன். குள்ளர் உலகிலும் எல்லோருக்கும் இடமுண்டு என்பதைப் பிரசங்கமின்றிச் சொல்கிறார்கள்.

வ்ரோத்ஸ்வாஃப் போனால், குள்ளர்களின் இடங்களைக் குறித்த வரைபடத்தை முதல் நாள் பையிலேயே வைத்திருங்கள். அப்பா குள்ளனிடம் தொடங்கி, தலையைக் குனிந்து நடங்கள்.