நாற்பதுக்கு ஒன்று: ஒரு பழைய விதியை உரசிப் பார்ப்போம்

குடிநீர்க் கிணற்றுக்கும் செப்டிக் தொட்டியின் உறிஞ்சுகுழிக்கும் இடையே 18 மீட்டராவது இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தர விதி 2470. கிணறு வீட்டை ஒட்டியிருந்தால் தொட்டி தோட்டத்தின் கோடிக்குப் போய்விடும், மலக்குழாயும் நீளும். அது 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு வாட்டம் கொடுப்பீர்கள்?

கொத்தனாரைக் கேட்டால், "வாட்டம் நல்லா விட்டுட்டா போதுங்க" என்பார். பொறியியல் மாணவரோ மகுவயர் விதியை ஒப்பிப்பார்: 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1, 6 அங்குலத்துக்கு 60-க்கு 1, 9 அங்குலத்துக்கு 90-க்கு 1. அங்குலத்தைப் பத்தால் பெருக்கினால் விடை வந்துவிடும். மனத்தில் நிற்கும் எளிமையே இவ்விதியின் பெருமை.

விதி பொய்யன்று. இந்த வாட்டங்களில் குழாய் நிறைந்தோ பாதி நிறைந்தோ ஓடினால், நீரின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். மலத்தை அடித்துச் செல்ல அது போதும். ஆனால் ஒரே வீட்டின் குழாய் பாதியளவு நிறைவது உண்டா? 4 அங்குலக் குழாய் பாதி நிறைந்து ஓட நொடிக்குச் சுமார் 4 லிட்டர் வேண்டும். இன்றைய பீங்கான் தொட்டிகள் பல, ஒரு தடவைக்குத் தருவதே 6 லிட்டர்தான்!

இங்கேதான் விதி நம்மை ஏமாற்றுகிறது. "பெரிய குழாய்க்கு வாட்டம் குறைவாம், 6 அங்குலமே போடுவோம்" என்று நினைக்கத் தோன்றும். செய்துவிடாதீர்கள். அதே நீர் அகன்ற குழாயில் மெல்லிய படலமாகப் பரவும். மலம் தரைதட்டி நிற்கும். ஒரு வீட்டுக்கு 4 அங்குலமே பொருத்தம்.

இரண்டாவது குறை: விதி நீளத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. கழிப்பறையில் அலையாகப் புறப்படும் நீர், போகப்போகத் தட்டையாகி வலுவிழக்கும். பாதி வழியில் நின்ற மலம் அடுத்த அலைக்குக் காத்திருக்கும். ஆகவே குளியலறை நீரையும் குழாயின் தொடக்கத்திலேயே சேர்ப்பது நல்லது. அதற்கேற்பத் தொட்டியின் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆழம். 40-க்கு 1 என்றால் 30 மீட்டரில் குழாய் 75 செ.மீ. இறங்கும். கழிப்பறை இணைந்த 4 அங்குலக் குழாய்க்கு, உச்ச ஓட்டம் நொடிக்கு 1 லிட்டருக்கு மேல் இருந்தால், 80-க்கு 1 வரை இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டி அனுமதிக்கிறது. அப்போது இறக்கம் 37.5 செ.மீ.தான். நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஊர்களில் இந்த வேறுபாடு பெரிது. ஆனால் வாட்டம் குறையக் குறைய, சீராகப் பதிப்பது முக்கியமாகிறது. நடுவில் ஓரிடம் தொய்ந்தாலும் அங்கே அடைப்புத்தான். எனவே மண்ணை நன்கு கெட்டித்து, ரசமட்டம் வைத்துப் பதியுங்கள்.

விதி சொல்லாத இன்னொன்று, அடைத்தால் என்ன செய்வது என்பது. திரும்பும் இடந்தோறும், நீண்ட நேர்க்குழாயின் இடையிலும், தரையில் நின்றே கம்பி விடத்தக்க சேம்பர் அமையுங்கள். பாதுகாப்பின்றி மனிதரைத் தொட்டியில் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். கழிவுநீர்க் குழாயில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்சநீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. போன உயிரை எந்தத் தொகையும் மீட்டுத் தராது.

மகுவயர் விதியை மனப்பாடம் செய்யுங்கள்; தவறில்லை. ஆனால் மண்வெட்டி எடுக்குமுன், நீர் எவ்வளவு, தூரம் எவ்வளவு, அடைத்தால் யார் குனிவார் என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.